மூட்டுக்குள் டெக்ஸ்ட்ரோஸ் ஊசி: சர்க்கரை நோய் இருந்தால் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் தேய்மானம், கூடவே சர்க்கரை நோய். 'புரோலோதெரபி' என்று டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஊசி சொல்கிறார் டாக்டர். சர்க்கரை ஏறாதா? ஸ்டீராய்டே மேலா?

பதில் 1: பயம் வேண்டாம். மூட்டுக்குள் வழக்கமாக 25% கரைசல் 6 மி.லி., அதாவது ஒன்றரை கிராம் சர்க்கரை. வெளியே தசைநார் ஒட்டும் இடங்களில் 15% கரைசல் 20 மி.லி. சேர்த்தாலும் 5 கிராமுக்குள்தான். சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடுவது ஸ்டீராய்டு. 2017இல் வந்த ஆய்வில் 12 வாரத்துக்கு ஒருமுறை ட்ரயம்சினலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி. வீதம் 2 வருடம் போட்டார்கள். மருந்தில்லாத உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது.

பதில் 2: ஒரே ஊசியில் பலன் பார்க்காதீர்கள். 2013 அமெரிக்க ஆய்வில் 1, 5, 9ஆம் வாரங்களில் போட்டார்கள். அடுத்த 2–3 நாள் வலி கூடும். அப்போது அழற்சியை அடக்கும் டைக்ளோஃபினாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். லேசான அழற்சியைத் தூண்டுவதுதான் இந்த ஊசியின் நோக்கமே. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய், மூட்டு சூடாக வீங்கினால் தொற்றாக இருக்கலாம். காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல் அன்றே காட்டுங்கள்.

பதில் 3: அடுத்து பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்த தட்டணுக்கள் செறிந்த திரவத்தை ஊசியாகப் போடுவது) என்பார்கள், செலவு அதிகம். 2021 ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேரிடம், 12 மாத முடிவில் அது உப்புநீர் ஊசியை விஞ்சவில்லை. தொடைத் தசைப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.