கருப்புப் பூனைக்குட்டிக்கு அனிமே பெயர்: ஜிஜியா, லூனாவா, வேறு ஏதாவதா?

மழைமேகம்:
எங்கள் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து ஒன்பது நாள் ஆகிறது. வயது இரண்டு மாதம் இருக்கும். உடம்பு முழுக்கக் கருப்பு, நெஞ்சில் மட்டும் விரல்நுனி அளவுக்கு வெள்ளை. பெண் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தவர்களுக்கே அது உறுதியாகத் தெரியாது. நான் பள்ளிக் காலத்திலிருந்து அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் படங்களும் தொடர்களும்) பார்க்கிறேன், அதனால் பெயர் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று ஆசை. மனதில் இருப்பது ஜிஜி, லூனா இரண்டும். தம்பி 'சீ' என்று வைக்கச் சொல்கிறான், அந்தக் குட்டிப்பூனைத் தொடரை அவன் அவ்வளவு ரசித்துப் பார்த்திருக்கிறான். ஆனால் பகல் முழுக்க குட்டியோடு இருப்பது பாட்டிதான். அவர் வாயில் நுழையாத பெயரை வைத்து என்ன பயன்? இப்போதைக்கு அவர் 'கருப்பி' என்று கூப்பிடுகிறார், அதுவும் தலையைத் தூக்கிப் பார்க்கிறது! இது பழகிவிட்டால் அப்புறம் மாற்ற முடியுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
கண்ணை மூடிக்கொண்டு ஜிஜி என்று வையுங்கள். 1989இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி எடுத்த 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தில் வரும் அந்தக் கருப்புப் பூனையைப் போல இன்னொன்று எனக்கு அமையவில்லை. முதல் பாதியில் அது, தன்னை வளர்க்கும் சூனியக்காரச் சிறுமி கிகியோடு வாய் ஓயாமல் பேசுகிறது, பயப்படுகிறது, குறை சொல்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் கிகிக்கு அதன் பேச்சு புரியாமல் போய்விடுகிறது, வெறும் 'மியாவ்' மட்டும்தான் கேட்கிறது. கடைசியில் அவள் தோளில் ஏறி உட்காரும்போதும் ஜப்பானிய மூலத்தில் அது பேசுவதில்லை, மியாவ்தான். ஆனால் அந்த இடத்தில் பேச்சு தேவைப்படவில்லை என்று நமக்கே தோன்றும். வீட்டில் பூனை வளர்க்கிற யாருக்கும் அந்தக் காட்சி தொண்டையை அடைக்கும். உங்கள் குட்டி தோளில் ஏறுகிற ரகமா என்று பாருங்கள், ஏறினால் வேறு யோசனையே வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வையுங்கள், ஜப்பானிய மொழியில் 'ஜிஜி' என்றால் கிழவர் என்றும் பொருள் வரும். படத்தில் அது ஆண் பூனை. எனக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

மிக்கேயின் வீட்டுக்காரி:
நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாத்திரத்தின் பெயரை எடுத்தால் அந்தப் பாத்திரத்தின் குணத்தையும் பூனையிடம் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஜப்பானில் சாதாரண வீட்டுப் பூனைக்கு வைக்கிற பெயர்கள் அனிமேயிலும் நிறைய வருகின்றன, அவை சின்னதாகவும் அழகாகவும் இருக்கும். குரோ என்றால் கருப்பு, ஷிரோ வெள்ளை, தோரா புலி (வரிப்பூனைக்கு வைப்பார்கள்), யூகி பனி, ஹானா பூ, சோரா வானம். தாமா என்பது பழைய காலத்துப் பூனைப் பெயர், 1969இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சசாயே-சான் தொடரில் அந்த வீட்டுப் பூனைக்கு இதே பெயர்தான்.

என்னுடையது மூன்று நிறப் பூனை, பெயர் மிக்கே. 'மூன்று நிற முடி' என்பதுதான் அதன் பொருள். ஆங்கில எழுத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் 'மைக்' என்று படித்து ஆண் பூனை என்று முடிவு செய்துவிடுகிறார்கள், மூன்று நிறப் பூனைகளில் அநேகமாக எல்லாமே பெண்தான் என்பது தெரியாமல். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம், கருப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும், பொதுவாகப் பெண் பூனைக்குத்தான் இரண்டும் இருக்கும்.

அப்புறம் தமிழ்க் காதில் எப்படி விழுகிறது என்பதையும் பாருங்கள். 'யோரு' என்றால் இரவு, கருப்புப் பூனைக்கு அருமையான பெயர், ஆனால் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் 'யாரு' என்றுதான் கேட்கும். தம்பி சொல்கிற 'சீ' வேண்டவே வேண்டாம். ஆசையாகக் கொஞ்சும்போதும் திட்டுவது போலவே இருக்கும். அந்தக் கதையிலும் வீட்டார் சிறுநீர் கழிப்பதைப் பற்றிப் பேசும்போது வந்த சொல்லுக்குக் குட்டி திரும்பிப் பார்த்ததால் வந்த பெயர் அது.

நள்ளிரவு நடை:
லூனாவுக்கு என் ஓட்டு. சைலர் மூன் அனிமே தொடரில் அதுவும் கருப்புப் பூனை, நெற்றியில் பிறை. உங்கள் குட்டிக்கு நெஞ்சில் நிலா இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்ணா ஆணா என்று குழம்பவும் வேண்டாம், அதே தொடரில் வெள்ளை ஆண் பூனைக்கு ஆர்டிமிஸ் என்று கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர். பாட்டிக்கும் லூனா எளிதாக வரும்.

மூன்றாவது மாடி:
பெயர் பழகிவிடுமா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பழகும், ஆனால் மாற்றவும் முடியும். 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பூனைகள் தங்கள் பெயரை அதே அளவு நீளமுள்ள வேறு சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டினார்கள். அறிமுகமில்லாதவர் குரலில் சொன்னாலும் காதோ தலையோ அசைந்தது. பல பூனைகள் சேர்ந்து வாழும் பூனை கஃபேயில் (வாடிக்கையாளர்கள் பூனைகளோடு பொழுதுபோக்கும் கடை) மட்டும் தன் பெயரையும் மற்றப் பூனைகளின் பெயரையும் பிரித்தறியவில்லை. அந்தச் சொல் வந்தால் சாப்பாடோ தடவலோ வரும் என்று அவை கற்றுக்கொள்கின்றன, அதனால்தான் பெயர் பதிகிறது. இரண்டு மாதக் குட்டிக்குப் புதுப் பெயர் பெரிய விஷயமே இல்லை, சாப்பாடு வைக்கும்போதெல்லாம் புதுப் பெயரைச் சொல்லுங்கள், திட்டுவதற்கு மட்டும் அந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் லூனா, தம்பி சீ, பாட்டி கருப்பி என்று ஆளுக்கொன்று கூப்பிட்டால் பாவம் அது என்ன செய்யும்? என்னைக் கேட்டால் பாட்டி ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டார். கருப்பி, குரோ: இரண்டும் ஒரே பொருள், தொடக்க ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கிருந்து போய்ப் பாருங்கள்.

மழைமேகம்:
எல்லாருக்கும் நன்றி. ஜிஜி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு படத்தை மறுபடி பார்த்தேன், குட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, தோளில் ஏறவில்லை. இன்று காலை பாட்டியிடம் மூன்று பெயரையும் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். ஜிஜி என்பதற்கு நாக்கு புரளவில்லை, 'சிசி' என்று வந்தது. லூனா நன்றாகத்தான் வந்தது. குரோ என்றால் என்ன என்று கேட்டார், கருப்பு என்றேன். "அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பால் ஊற்றும் கிண்ணத்தைத் தட்டி 'குரோ, குரோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். அடுத்த பூனைக்கு அவன்தான் பெயர் வைப்பான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், சீ தவிர.

மூன்றாவது மாடி:
பால் வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீரும் குட்டிகளுக்கான உணவும் போதும். தடுப்பூசிக்குப் போகும்போது ஆணா பெண்ணா என்றும் கேட்டுவிடுங்கள், குரோ இரண்டுக்கும் பொருந்தும்.