புதுப்பிப்பு: வருமான வரி அதிகாரி என்று வரும் போலி அழைப்பு

வருமான வரி அதிகாரி என்று சொல்லி, வரி பாக்கி இருப்பதாக யாராவது அழைத்தால், "அழைப்பைத் துண்டியுங்கள், நோட்டீஸ் எண்ணைச் சரிபாருங்கள்" என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் நோட்டீஸ்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலே அதைச் சோதிக்கலாம். ஆனால் வேறொருவருக்கு வந்த உண்மையான நோட்டீஸின் எண்ணை எடுத்துப் போலியில் ஒட்டினால்? எண் சரியாக இருப்பதாலேயே பாக்கி உங்களுடையது ஆகிவிடாது. ஆகவே லாகின் செய்து 'நிலுவை நடவடிக்கைகள்' பகுதியைப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் வரி பாக்கி இருந்தால் அங்கே தெரியும். அழைத்தவர்கள் அனுப்பும் லிங்க் வழியாகப் போகவே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள்.

"ரீஃபண்டுக்கு ஒரு ஆப்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) வந்தால், அது பெரும்பாலும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், தானாகப் போய்விடும். நிறுவிவிட்டீர்களா? முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள், சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். ஆப்பை நீக்குவதெல்லாம் அப்புறம்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். யுடிஆர் எண் (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தொகை, நேரம் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.