ஆர்டிசி டிரைவர் ரிவ்யூ: ஓஎஸ்எஃப் பிட்டை ப்ரோபிலேயே அழிக்கலாமா?

மலைப்பாதை_லாகர் (கேள்வி)

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுகளுக்குள் வைக்கிற மழை, வெப்பநிலையைப் பதிவு செய்ற லாகர் போர்டு. லினக்ஸ் ஓடுது, ஐ2சி பஸ்ஸில் (ரெண்டு கம்பியில் சிப்புகள் பேசிக்கிற இணைப்பு) ஒரு ஆர்டிசி சிப், அதாவது கரன்ட் போனாலும் பேட்டரியில் ஓடுற கடிகாரம். நேரம், அலாரம், கன்ட்ரோல், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள் எல்லாம் டிஎஸ்3231ங்கிற ஆர்டிசி சிப்பின் வரிசையிலேயே இருக்கு. சேலம் ஆபீஸில் எழுதின கர்னல் டிரைவர் இப்ப ரிவ்யூவுக்கு வந்திருக்கு. வைக்கிற இடத்தில் சிக்னல் கிடையாது, அதனால் என்டிபி (நெட் வழியா நேரம் சரி பண்றது) இல்லை. இடி மழைன்னா கரன்ட் போய்ப் போய் வரும். ஆர்டிசி சொல்றதுதான் நேரம்.

கோடில் கண்ணை உறுத்துறது மூணு இடம். ப்ரோபில் (டிரைவர் சிப்பைத் தயார் செய்ற தொடக்கக் கட்டம்) ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் ஓஎஸ்எஃப் பிட் (சிப்பின் ஆசிலேட்டர், அதாவது கடிகாரத் துடிப்பு, நின்னதைச் சொல்ற குறி) 1ஆ இருந்தால், 2000 ஜனவரி 1ன்னு எழுதிட்டு அந்த பிட்டை அழிச்சிடுறாங்க. நேரம் படிக்கிற ரீட்_டைம்ல 7 நேர ரெஜிஸ்டரையும் ஒவ்வொரு பைட்டா ஏழு தடவை படிக்கிறாங்க. அலார இன்டரப்டுக்கு (ஐஆர்க்யூ) சாதாரண ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ போட்டு, அது வந்ததும் ஓடுற ஹேண்ட்லருக்குள்ளேயே ஐ2சி படிக்கிறாங்க. இதில் எதைத் திருத்தியே ஆகணும், எது வெறும் ரசனை?

படிகம்_32768

மூணுமே திருத்தணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: தனி டிரைவர் எதுக்கு? கர்னலில் ஏற்கெனவே இருக்கிற டிஎஸ்1307 டிரைவர்தான் டிஎஸ்3231ஐயும் பார்த்துக்குது. ரெஜிஸ்டர் வரிசை நிஜமாவே ஒண்ணுன்னா, டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன சிப் இருக்குன்னு கர்னலுக்குச் சொல்ற ஃபைல்) கம்பாட்டிபிள் பெயரை மாத்தினாலே வேலை முடியலாம். எந்த ரெஜிஸ்டர் வேறுபடுதுன்னு பேட்ச் விளக்கத்தில் எழுதச் சொல்லுங்க. எழுத முடியலைன்னா டிரைவரே வேண்டாம்.

வேறுபாடு இருக்குன்னே வைப்போம். முதல் பாவம் ஓஎஸ்எஃப். ஆசிலேட்டர் நின்னிருச்சு, உள்ளே இருக்கிற நேரத்தை நம்பாதேன்னு சிப் சொல்ற ஒரே வழி அந்த 7ஆவது பிட். ப்ரோபில் அதை அழிச்சா அந்தச் செய்தியே போச்சு. அதுக்கப்புறம் மேலே இருக்கிற எல்லா மென்பொருளும் 2000 ஜனவரி 1ஐ நிஜ நேரம்னு எடுத்துக்கும், உங்க மழைப் பதிவும் அந்தத் தேதியிலேயே விழும். சரியான நடைமுறை இதுதான்: ப்ரோப் எதையும் எழுதக் கூடாது, வேணும்னா ஒரு எச்சரிக்கை வரி அச்சிடலாம். ரீட்_டைம் ஓஎஸ்எஃப்பைப் பார்த்து, 1ஆ இருந்தால் ஈஇன்வால் (‘செல்லாத மதிப்பு’) பிழையைத் திருப்பணும். செட்_டைம் 7 ரெஜிஸ்டரையும் எழுதி, அது வெற்றின்னு தெரிஞ்ச பிறகு மட்டும் பிட்டை அழிக்கணும். வரிசை மாறக் கூடாது. முதல்ல அழிச்சிட்டு, எழுதும்போது ஐ2சி சொதப்பினால் குப்பை நேரத்துக்கு முத்திரை குத்தினதா ஆயிடும்.

ஏழு தடவை படிக்கிறதும் ஆபத்துதான். 09:59:59க்கு செகண்டைப் படிச்சு 59 வாங்குறீங்க. அடுத்த பைட்டுக்குப் போறதுக்குள்ள மணி பத்தாகுது. நிமிஷம் 00, மணி 10. கையில் கிடைக்கிறது 10:00:59, நிஜத்தை விடக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் அதிகம். 100 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஏழு தனிப் படிப்புக்கு ஏறக்குறைய 2.5 மில்லிசெகண்ட் ஆகும். ஜன்னல் அவ்வளவு சின்னதுங்கிறதால மேசைச் சோதனையில் சிக்கவே சிக்காது. ஒரே பர்ஸ்ட்டா படிச்சா, ஐ2சி ஸ்டார்ட் வந்ததும் சிப்பே நேரத்தை இன்னொரு செட் ரெஜிஸ்டரில் நகலெடுத்து வச்சுக்கும். பல ரெஜிஸ்டரை ஒரே தடவையில் படிக்கிற ரெக்மேப்_பல்க்_ரீட் ஒண்ணு போதும். எழுதுறதும் அப்படியே: செகண்ட் எழுதின கணத்தில் உள் கவுண்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குது, மீதியை ஒரு செகண்டுக்குள் எழுதி முடிக்கணும்.

ரெக்மேப்பில் (ரெஜிஸ்டர்களைப் படிச்சு எழுதுற கர்னல் அடுக்கு) கேச் போட்டிருந்தால் நேர ரெஜிஸ்டர்களும் ஸ்டேட்டஸும் வாலட்டைல்னு (தானே மாறும், ஒவ்வொரு தடவையும் சிப்பிலிருந்தே படின்னு) குறிச்சிருக்கான்னு பாருங்க. குறிக்கலைன்னா முதல் தடவை படிச்ச நேரத்திலேயே கடிகாரம் உறைஞ்சு நிற்கும்.

இரும்பாலை_ரோடு

அலாரம் பக்கம் நான் சொல்றேன். ஐ2சி பரிமாற்றம் தூங்கும் (முடியும் வரை காத்திருக்கும்), ஹார்ட் இன்டரப்டில் தூங்கக் கூடாது. ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’னு கர்னல் கத்தும். த்ரெடட் ஐஆர்க்யூ (தூங்கக் கூடிய தனி த்ரெடில் ஓடுற ஹேண்ட்லர்) போடணும், ப்ரைமரி ஹேண்ட்லர் இடத்தில் நல், கூடவே ஒன்ஷாட் ஃபிளாக் (த்ரெட் முடியும் வரை அந்த இன்டரப்ட் மூடியிருக்க). த்ரெடுக்குள் ஆர்டிசி லாக்கைப் பிடிச்சு, ஏ1எஃப் ஃபிளாகை (1ஆவது அலாரம் அடிச்ச குறி) அழிச்சு, ஏ1ஐஈயை (அந்த அலாரத்தின் இன்டரப்ட் அனுமதி) அணைச்சு, பிறகு ஆர்டிசி_அப்டேட்_ஐஆர்க்யூவைக் கூப்பிடணும். அழிக்க மறந்தால் இன்டரப்ட் பின் கீழேயே நிற்கும். லெவல் ட்ரிகர்னா ஹேண்ட்லர் திரும்பத் திரும்ப ஓடி சிபியூவைத் தின்னுடும்.

ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை எப்படி எழுதுறாங்கன்னும் பாருங்க. ஓஎஸ்எஃப், ஏ2எஃப் (2ஆவது அலாரக் குறி), ஏ1எஃப் மூணும் 0 எழுதினால் அழியும், 1 எழுதினால் அப்படியே இருக்கும். படிச்சு, ஒரு பிட்டை மாத்தி, மீதியைத் திருப்பி எழுதினால் ஓட்டை: படிக்கும்போது 0ஆ இருந்த ஏ2எஃப் எழுதுறதுக்குள்ள 1 ஆகியிருந்தால், அந்த அலாரம் தொலைஞ்சுது. அழிக்க வேண்டிய ஃபிளாகில் மட்டும் 0, மற்ற ரெண்டில் 1. அதுக்காக முழு பைட்டையும் 1ஆல் நிரப்பிடாதீங்க. 3ஆவது பிட் 32 கிலோஹெர்ட்ஸ் அவுட்புட்டுக்கானது, அதுக்குப் படிச்ச மதிப்பையே திருப்பித் தரணும்.

ப்ரோபில் ஆர்டிசியைப் பதிவு செய்யறது கடைசி வரியா இருக்கணும். பதிவான நொடியே யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடுற நிரல்கள்) அதைத் திறக்கலாம். ஐஆர்க்யூ இல்லாத போர்டில் அலாரம் ஃபீச்சர் பிட்டை அழிக்கணும். ரேஞ்ச் 2000 முதல் 2099 வரைன்னு கொடுத்துட்டா, செட்_டைமுக்குள் ஆண்டுச் சோதனை எதுவும் வேண்டாம், கர்னலின் ஆர்டிசி கோரே மறுத்துடும்.

மலைப்பாதை_லாகர்

தெளிவு. ஆனா டிரைவர் எழுதினவரின் வாதம்: ‘ரீட்_டைம் பிழை கொடுத்தால் லாகர் ஆப் கிளம்பாது, அதனால்தான் 2000 வச்சேன்.’ இதுக்கு என்ன பதில்? இன்னொண்ணு, ரெண்டு போர்டு சேலத்தில் நாளுக்கு 2 செகண்டுக்கு மேல் பின்தங்குது, மலையில் அவ்வளவு இல்லை. டிரைவரிலேயே ஈடு கட்டலாமா?

படிகம்_32768

ஆப் கிளம்பலைன்னா ஆப்பைத் திருத்தணும், கர்னலைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது. நேரம் தெரியாத வரைக்கும் ஒவ்வொரு பதிவோடும் பூட் ஐடியும் (ஒவ்வொரு பூட்டுக்கும் மாறுற அடையாளம்) க்ளாக்_பூட்டைம் மதிப்பும் (பூட் ஆகி எவ்வளவு நேரமாச்சுங்கிறது) எழுதட்டும். அந்த பூட்டுக்குள் யாராவது வந்து நேரம் வச்சா, வித்தியாசத்தைக் கூட்டி பழைய வரிகளுக்கும் தேதி போட்டுடலாம். 2000 போட்ட பதிவை அப்படி மீட்க வழியில்லை.

பின்தங்குறது டிரைவர் கோளாறு மாதிரித் தெரியலை. சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும், விலகின டிகிரியின் வர்க்கத்துக்குச் சுமார் 0.034 பிபிஎம் (பிபிஎம்னா பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 55 டிகிரின்னா 30 பிபிஎம், நாளுக்கு 2.6 செகண்ட். ஏற்காட்டில் 15 டிகிரின்னா 3.4 பிபிஎம், நாளுக்கு 0.3 செகண்ட்தான். அசல் டிஎஸ்3231 தானே வெப்ப ஈடு செய்யுது, 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம். உங்க சிப்பில் அது இருக்கான்னு டேட்டாஷீட்டைப் பாருங்க. இல்லைன்னா சிப்பை மாத்துங்க. கடிகார வேகத்தை டிரைவர் வழியா சரிக்கட்டுற செட்_ஆஃப்செட் நிலையான விலகலுக்கு மட்டும் பயன்படும், வெயிலோடு ஏறி இறங்குறதுக்கு இல்லை.

இரும்பாலை_ரோடு

அடுத்த பேட்ச் வந்ததும் இதை ஓட்டிப் பாருங்க. பேட்டரி, சப்ளை ரெண்டையும் கழற்றி மாட்டி பூட் பண்ணினால் ஹெச்டபிள்யூக்ளாக் (ஆர்டிசி நேரத்தைக் காட்டுற கமாண்ட்) பிழை காட்டணும், தேதி காட்டக் கூடாது. அப்படியே மறுபடி ரீபூட், மறுபடியும் பிழைதான் வரணும். பழைய கோடு முதல் பூட்டிலேயே 2000ன்னு தேதி காட்டி மாட்டிக்கும். பிறகு யூடிசியில் நேரம் வச்சு, சப்ளையை மட்டும் எடுத்துப் போட்டால் நேரம் தொடரணும். இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தை டிரைவருக்குள் எங்கேயாவது கூட்டியிருந்தால் அங்கேயே நிராகரிச்சிடுங்க. 2028 பிப்ரவரி 28, 23:59:55 வச்சு 29க்குப் போகுதான்னு பாருங்க. கடைசியா கர்னல் செல்ஃப்டெஸ்ட்டில் உள்ள ஆர்டிசிடெஸ்ட். ஒரு நிமிஷ அலாரம் இருக்கிறதால கொஞ்சம் நேரம் எடுக்கும், தொங்கிப் போச்சுன்னு நடுவில் நிறுத்திடாதீங்க.