இன்னும் வராத கேமராவைப் பரிசாகக் கொடுப்பது: பில் யார் பெயரில்?

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100விஐ, சில்வர். பிப்ரவரி 20, 2024 அறிவிப்பு, 28 முதல் விற்பனை. இடம் சிங்கப்பூர். தங்கை பிறந்தநாள் 25ஆம் தேதி.

முன்பதிவு என் பெயரில், முழுப் பணமும் கட்டியாச்சு. முதல் லாட்டில் கிடைக்குமா என்று கடையில் உறுதி சொல்லவில்லை. வேறு 3 கடைகளில் கேட்டேன், எல்லா இடத்திலும் காத்திருப்புப் பட்டியல்தான். இதற்கு முந்தைய மாடலான எக்ஸ்100வி வாங்கலாம் என்றால் புதிதின் விலைக்கு மேல் சொல்கிறார்கள், வேண்டாம்.

அன்று கையில் கொடுக்க ஒரு பெட்டி தயார். லென்ஸ் பழைய மாடலில் இருந்த அதே 23 மி.மீ. எஃப்2 என்பதால் ஃபில்டரை லென்ஸில் மாட்ட உதவும் ஏஆர்-எக்ஸ்100 அடாப்டர் ரிங்கும் 49 மி.மீ. ஃபில்டரும் அப்படியே பொருந்தும் (இவை இரண்டும் இல்லாமல் தூசி, ஈரப் பாதுகாப்பு முழுமையாகாது). உபரி பேட்டரி ஒன்று, என்பி-டபிள்யூ126எஸ். மெமரி கார்டு ஸ்லாட் யூஎச்எஸ்-1 வேகத்துக்குத்தான், அதனால் அதைவிட வேகமான, விலை கூடிய யூஎச்எஸ்-2 கார்டு வாங்கவில்லை. கேஸ் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பாடி பழைய மாடலைவிட 2 மி.மீ. தடிமன் கூடியிருக்கிறது, அதற்கான கேஸ் பொருந்துமா தெரியவில்லை.

சிக்கல் பில்லில்தான். ஆர்டரைத் தங்கை பெயருக்கு மாற்றினால் வரிசையில் கடைசிக்குப் போகுமாம்.

பில் என் பெயரிலும் வாரண்டி பதிவு தங்கை பெயரிலும் இருந்தால், சர்வீஸில் ஏற்றுக்கொள்வார்களா? இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.