13 ஜிபி வீடியோ பென்டிரைவில் ஏறவில்லை. எந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

திருச்சி செல்வி:
வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை 2008-ல் கேமரா கேசட்டில் எடுத்தோம். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் இருப்பது அந்த ஒரு மணி நேரக் கேசட்டில் மட்டும்தான். போன வாரம் ஸ்டுடியோவில் கொடுத்து வீட்டு டெஸ்க்டாப்பில் ஏற்றிவிட்டேன். ஒரே ஃபைல், 13 ஜிபி. அதை 32 ஜிபி பென்டிரைவில் போட்டால் ஃபைல் பெரியது என்று மறுக்கிறது. பென்டிரைவோ காலியாகத்தான் இருக்கிறது! பேசாமல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். எங்களுடையது விண்டோஸ் 10. தம்பி ஊரிலிருந்து வந்தால் மேக்புக் கொண்டு வருவான். டிவியிலும் போட்டுப் பார்க்க ஆசை. எதை வாங்குவது, எப்படி ஃபார்மட் செய்வது?

கேமராக்காரன்:
அக்கா, இருபது வருடமாகக் கல்யாண வீடியோதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எவ்வளவு இடம் இருந்தாலும் ஏறாது.

சேமித்து வைக்க மட்டும்தானே, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வேண்டாம். 2 டிபி, 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் போதும். யுஎஸ்பி கரண்டிலேயே ஓடும். பெரிய 3.5 இன்ச் வாங்கினால் தனி அடாப்டர் வேண்டும், அது தொலைந்தால் அலைச்சல்.

ஃபார்மட் எக்ஸ்ஃபேட் வையுங்கள், அதில் அந்த 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம். திஸ் பிசியில் டிரைவை ரைட் கிளிக் செய்து ஃபார்மட், ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட், மற்றதைத் தொட வேண்டாம். புது டிஸ்க் என்பதால் குவிக் ஃபார்மட் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு இரவு ஓட விடுங்கள். ஐந்தாறு மணி நேரமாவது ஆகும், ஆனால் கெட்ட செக்டார் (டிஸ்க்கில் பழுதான இடம்) இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் அழுத்தும் முன் டிரைவின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படியுங்கள். 2014-ல் அவசரத்தில் பக்கத்து டிரைவை அழித்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் வளைகாப்பு வீடியோ முழுவதும் போனது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லப் போன நாள் இன்னும் மறக்கவில்லை.

கோவை ரவி:
ஒரு மாற்றுக் கருத்து. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (செய்யும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துக்கொள்வது) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ டிரைவ் மொத்தமும் குழம்பலாம். விண்டோஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் இதைத் தாங்கும். மேக்கும் அதைப் படிக்கும், எழுதத்தான் முடியாது. தம்பிக்குப் பார்க்க மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ்தான் நல்லது.

கேமராக்காரன்:
ரவி சொல்வது சரிதான். தம்பி அதில் எழுதவே மாட்டார் என்றால் என்டிஎஃப்எஸ். இல்லையென்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் ஒவ்வொரு தடவையும் இஜெக்ட் செய்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்ற வேண்டும். சில டிவி எக்ஸ்ஃபேட்டை எடுக்காது. முதலில் அந்தப் பென்டிரைவையே எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, போனில் எடுத்த சின்ன வீடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

திருச்சி செல்வி:
டிவி எடுத்துக்கொண்டது. டிஸ்க்கும் வாங்கிவிட்டேன், ஆனால் 1.81 டிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கேமராக்காரன்:
இல்லை அக்கா. கம்பெனிக் கணக்கில் 2 டிபி என்றால் 2 லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் நான்கு முறை வகுத்துக் காட்டுவதால் 1.81. எல்லா 2 டிபி டிஸ்க்கும் அப்படித்தான்.

திருச்சி செல்வி:
நிம்மதி! எக்ஸ்ஃபேட்டே வைத்தேன். முன்பக்கக் கறுப்பு போர்ட்டில் காப்பி ஆக ஏழு நிமிடம் ஆனது, பின்னால் இருக்கும் நீல (வேகமான யுஎஸ்பி 3) போர்ட்டில் மாற்றிப் போட்டால் இரண்டே நிமிடம். அப்புறம் டிஸ்க்கிலிருந்தே முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தோம். நாற்பதாவது நிமிடத்தில் அப்பா, "செல்வி, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்கிறார். அம்மா அந்த இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். டெஸ்க்டாப்பில் உள்ளதை அழிக்கவில்லை. கேசட்டையும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.