பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது: ஃபார்மட் செய்யாமல் கணினியைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: கணக்கெழுதுபவள், வேடசந்தூர்

வணக்கம். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். 2018 முதல் 14 பேருடைய சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம் மாதத்துக்கு ஓர் எக்செல் கோப்பாக ஒரே பென் டிரைவில் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை தீர்மான நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் அதைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர் ஒன்றையும் காணவில்லை. பென் டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருந்தது. அதைச் சொடுக்கியதும் கோப்புகள் வழக்கம்போலத் தெரிந்தன, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் என் மகனுடைய பென் டிரைவைச் செருகினேன். அதிலும் இதேபோல் ஆகிவிட்டது. அவனுடைய பள்ளிப் பாடங்கள் அதில்தான் இருக்கின்றன.

கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதனுடன் வரும் டிஃபெண்டரைக் கொண்டு முழு ஸ்கேன் செய்தேன். ‘எதுவும் இல்லை’ என்கிறது. பழுதுபார்க்கும் கடையில் கேட்டால், ஃபார்மட் செய்துவிட்டு விலைக்கு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட வேண்டும் என்கிறார்கள். 20ஆம் தேதி தணிக்கை. இலவச மென்பொருளை வைத்தே சரிசெய்ய வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: தாமிரபரணி

டிஃபெண்டர் போதாது, சகோதரி. இலவச ஆன்டிவைரஸ் இரண்டு மூன்றைச் சேர்த்து நிறுவிவிடுங்கள். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

பதில்: பழுதுமேசை, கரூர்

சகோதரி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணக்கு அழியவில்லை. ஷார்ட்கட்டைச் சொடுக்கியபோது கோப்புகள் தெரிந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை அந்தப் பென் டிரைவிலேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பதினேழு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். வைரஸ் தின்ற கோப்புகளைவிட, பதற்றத்தில் ஃபார்மட் செய்து இழந்த கோப்புகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டின் படங்கள் முழுவதும் அப்படிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வகைப் புழு, அதாவது தானே பரவும் வைரஸ், உங்கள் ஃபோல்டர்களைப் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதை விண்டோஸின் சொந்தக் கோப்புபோல மறைத்துவிடும். வெளியே ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதைச் சொடுக்கினால் முதலில் புழு ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டர் திறக்கும். கோப்புகள் கண்ணுக்குத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் அது கணினியில் குடியேறி, அடுத்துச் செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஏறிக்கொள்ளும். உங்கள் மகனுடைய பென் டிரைவுக்கு நேர்ந்தது இதுதான்.

இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதியில் உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ வழியே போய், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, பாதுகாக்கப்பட்ட இயக்க முறைமைக் கோப்புகளை மறைக்கும் வரி ஒன்று இருக்கும். அதில் உள்ள டிக்கையும் எடுங்கள். பலர் இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு, கோப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் கடைசி எழுத்துகளையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஷார்ட்கட்டைத் தொடாமல், மங்கலாகத் தெரியும் ஃபோல்டரைத் திறந்து, எக்செல் கோப்புகளை மட்டும் கணினியில் ஒரு புதிய ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அறியாத பெயரில் உள்ள எதையும் எடுக்க வேண்டாம்.

அடுத்து, டிஃபெண்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் புழு புதியது அல்ல, டிஃபெண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய், கடைசியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். எங்கெல்லாம் தேடக் கூடாது என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

தாமிரபரணி நண்பருக்கு: நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம். எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒரே கோப்புக்கு இரண்டும் மோதும், கணினி நகராது. காவலுக்கு ஒன்று போதும். மறுசோதனைக்கு மட்டும், கூப்பிட்டால் ஓடும் ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

கணக்கெழுதுபவள்:

ஐயா, கோப்புகள் கிடைத்துவிட்டன! பெயரில்லாத மங்கலான ஃபோல்டர் ஒன்று இருந்தது, நீங்கள் சொன்னபடியே. எல்லா மாதமும் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட பட்டியலில் சி, டி, இ என மூன்று டிரைவ்களும் இருக்கின்றன. பென் டிரைவுக்கு வரும் எழுத்து இ. இந்தக் கணினியைப் பழையதாகத்தான் வாங்கினோம். விற்றவர் ஆஃபீஸ் மென்பொருளை அவரே போட்டுக் கொடுத்து, ‘ஆன்டிவைரஸ் அமைப்பைத் தொடாதீர்கள், தொட்டால் எக்செல் நின்றுவிடும்’ என்றார். அப்போது பொருள் புரியவில்லை.

பதில்: பழுதுமேசை, கரூர்

காரணம் அதுதான். திருட்டு உரிமச் சாவியால் ஆஃபீஸைத் திறந்திருக்கிறார்கள். அந்தச் சாவியை டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கணினி முழுவதையும் தேடலிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குக் காவலாளி வைத்து, எந்த அறையையும் பார்க்காதே என்று சொன்ன கதை இது. இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆன்டிவைரஸ் பயன்படாது, அதற்கும் யாராவது இதேபோல் விலக்கு கொடுத்துவிடுவார்கள்.

மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இணையத்தை இணைத்து டிஃபெண்டரைப் புதுப்பித்துவிட்டு, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே தேடும். புழு விழித்துக்கொண்டு ஒளிய வாய்ப்பில்லை. சுமார் 15 நிமிடம் ஆகும். அது முடிந்ததும் முழு ஸ்கேன். முழு ஸ்கேன் இயல்பாகப் பென் டிரைவைப் பார்க்காது. ஆகையால் இரண்டு பென் டிரைவ்களையும் தனித்தனியாக, வலச் சொடுக்கி ஸ்கேன் செய்யுங்கள்.

மறுசோதனைக்கு மால்வேர்பைட்ஸ் போதும். 14 நாள் கட்டணப் பதிப்பாக ஓடும், பிறகு கூப்பிட்டால் மட்டும் தேடும் இலவசப் பதிப்பாக மாறிவிடும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தை நம்பி இறக்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

எக்செல் நின்றுபோனால் கவலைப்படாதீர்கள். லிப்ரெஆஃபீஸ் முற்றிலும் இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. உங்கள் கோப்புகளை அதில் உள்ள கால்க் திறக்கும். கூட்டல் வாய்பாடுகளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

பதில்: மாலைக்கதிர், சென்னை

இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில் வைரஸை நீக்கும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைத் தரும் நிறுவனங்களில் சென்னையைச் சேர்ந்த கே7-உம் ஒன்று.

இரண்டாவது: குழுவின் வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறந்திருந்தால், கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள், அம்மா. பணம் போனதாகத் தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தணிக்கை முடிந்ததும் அதற்கும் ஒரு வழி பாருங்கள்.

கணக்கெழுதுபவள்:

நேற்று இரவு முழுவதும் இதில்தான் இருந்தேன். ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றைப் பிடித்தது. முழு ஸ்கேன் நான்கு மணி நேரம் ஓடி, அந்த ஆஃபீஸ் சாவியையும் இன்னும் இரண்டையும் நீக்கியது. மால்வேர்பைட்ஸ் உலாவியில் ஒட்டியிருந்த விளம்பர நீட்சி ஒன்றைக் காட்டியது. காலியான வேறொரு பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன், ஷார்ட்கட் வரவில்லை. வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

எக்செல் நின்றுவிட்டது. கால்க்கில் எல்லா மாதக் கோப்புகளும் திறக்கின்றன, வட்டிக் கணக்கும் சரியாக வருகிறது. மகனுடைய பாடங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். 14 பேர் சார்பாகவும் நன்றி ஐயா. பழைய பென் டிரைவை இனி ஃபார்மட் செய்யலாமா?

பதில்: பழுதுமேசை, கரூர்

செய்யலாம். அதற்கு முன் கணக்கை இன்னொரு பென் டிரைவில் நகலெடுத்து, குழுத் தலைவி வீட்டில் கொடுத்து வையுங்கள். அங்கிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்தபின் ஃபார்மட் செய்யுங்கள்.