கீமோ நாட்களில் சாப்பாடு: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

மகள், தஞ்சாவூர்ப் பக்கம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ. முதல் நான்கும், எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்று பயந்து சொல்வார்களே, அது. முதல் தடவை திருச்சிக்குப் போகும்போது வெளிச் சாப்பாடு வேண்டாமென்று விடியற்காலையிலேயே புளியோதரை கிளறி எடுத்துப்போனேன். அம்மாவுக்கு அது உயிர். ரசித்துச் சாப்பிட்டார். அன்று இரவு முழுக்க வாந்தி. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் புளிக்காய்ச்சல் வாசனை வந்தால் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்கிறார்.

அடுத்த தடவை உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, “கீமோ அன்னைக்கா பிடிச்சதைக் குடுத்தீங்க? மனசு மருந்தைக் குத்தம் சொல்லாதும்மா, சாப்பாட்டைத்தான் சொல்லும்” என்றார். பிறகு தேடிப் படித்தேன். 1978-லேயே சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியலாளர், கீமோவுக்கு முன்னால் குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்துச் சோதித்திருக்கிறார். மறுபடி கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் அதை வேண்டாமென்று விட்டார்களாம். ஐஸ்கிரீமுக்கே அந்தக் கதி! அதற்கப்புறம் கீமோ நாளில் ரவைக் கஞ்சி, பிஸ்கட் என்று பிடித்தமோ வெறுப்போ இல்லாததை வைத்து ஒப்பேற்றினோம்.

‘இரும்பை நக்கின மாதிரி இருக்கு’ என்று எந்தச் சாப்பாட்டையும் தள்ளிவிடுவார். எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் பரணில் போட்டேன். வாழையிலை, பீங்கான் கோப்பை, மரக்கரண்டி. பாதி தொல்லை குறைந்தது. தாளிக்கிற வாசனையும் ஆகவில்லை. அதனால் இரண்டு தெரு தள்ளிச் சித்தி வீட்டில் சமைத்துத் தூக்குவாளியில் வரும். ஆவி பறக்கிற இட்லியைத் தொடமாட்டார், ஆறின இட்லி இரண்டு இறங்கும். சூடாக இருந்தால்தான் வாசனை தூக்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டரின் கவலை எல்லாம் எடையைப் பற்றித்தான். நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்றார். அம்மா 58 கிலோ. ஒரு முட்டையில் 6 கிராம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், நோயாளிக்கு நல்லது என்று நாம் கொடுக்கிற ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் எந்த மூலைக்கு? பாசிப்பருப்புக் கஞ்சியில் பால் பவுடரைக் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அரை டம்ளர். ‘கொஞ்சம் சாப்பிடும்மா’ என்று பின்னாலேயே அலைவதை நிறுத்திவிட்டுக் கையெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

மருந்தைவிடச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மாமா ஒரு கட்டு முள்சீத்தா இலையோடு வந்தார், கஷாயம் போட. ஆய்வகத்தில் செல்கள்மேல் ஊற்றிப் பார்த்ததை வைத்து, மனிதருக்கும் குணமாகும் என்று வாட்ஸப்பில் ஓடுகிறது. டாக்டர் ஒரே வார்த்தையில் கூடாது என்றார். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்றாள் அண்ணி. சரி, நம் சாப்பாட்டை நிறுத்தினால் ஈரல் சும்மா இருக்குமா? தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துகொடுக்கும். பட்டினி அம்மாவுக்குத்தான். (அம்மாவுக்குச் சுகர் உண்டு. கீமோவோடு போடும் ஸ்டீராய்டில் முதல் இரண்டு மூன்று நாள் எகிறும். அதற்காக அளவு பார்ப்பது வேறு விஷயம்.)

மகன், கோவை

அப்பாவுக்குப் பெருங்குடல். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் இருந்த மோர்ச் சொம்பை எடுத்தவர் ஷாக் அடித்ததுபோல் கையை உதறினார். அதோடு விடாமல் ஒரு வாய் குடித்தும்விட்டார். தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் கண்ணை விரித்ததை மறக்க முடியாது. இந்த மருந்தின் குணமே அதுதான், சில நாளைக்குக் குளிர்ச்சி ஆகாது. தண்ணீரிலிருந்து எல்லாமே வெதுவெதுப்பாகத்தான். வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் சப்பச் சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு சில மருந்துகளுக்கு. இதற்குப் போய்ச் செய்துவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வேறு. அந்த நாட்களில் கீரையை நிறுத்தி, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தோம். கீரையையா நிறுத்துவது என்று அத்தைக்கு மனத்தாங்கல்.

நோயாளியே எழுதுகிறேன், சென்னை

எனக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். எனக்கு நேர் எதிர். வாந்தி மாத்திரையே மலத்தைக் கட்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஐந்து நாள் திண்டாடினேன். அப்புறம் தண்ணீரும் ஊறவைத்த உலர் திராட்சையும், அதற்கும் மசியாதபோது டாக்டர் கொடுத்த மருந்தும்.

கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணு இறங்குகிற இரண்டாவது வாரத்தில் பழைய சோறும் ரோட்டோர ஜூஸும் கிடையாது. வாழைப்பழம், ஆரஞ்சு என்று தோலுரிக்கிற பழம்தான். ஒரு தடவை ராத்திரி 11 மணிக்குக் காய்ச்சல், 100.4 டிகிரி. விடியட்டும் என்றார் கணவர். நான் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். நல்லவேளை. நான்கு நாள் அட்மிஷன், ட்ரிப்ஸில் ஆன்டிபயாடிக்.

புளியோதரை அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

மகள், தஞ்சாவூர்ப் பக்கம்

நன்றாக இருக்கிறார், 61 கிலோ. இந்த ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரைக்கு எடுத்துப்போகச் சித்ரான்னம் எல்லாம் அவர்தான் கிளறினார். புளியோதரைக்கு மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால். உப்புப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.